கண்ணாடிப் பெட்டிக்குள் போகாத சோளம்

என்னோடு ஒரு சண்டையும் பிடிக்காமல் போய்ச் சேர்ந்த எல்மர் அண்ணைக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் விரும்பமாட்டீர்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். உங்கள் சனத்தின் வழக்கத்தில் போனவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதில்லை, பேரைச் சொல்லி அழுது மறித்து வைப்பதில்லை, போக விட்டுவிட வேண்டும் என்று உங்கள் மனைவி மர்த் எனக்குச் சொல்லிவிட்டார். அவர் சொல்லும்போது நான் மறுத்துப் பேசவில்லை, தலையை ஆட்டினேன். ஆனால் அண்ணை, நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். ஒருவர் கண்ணை மூடினால் படம் போட்டு, பாட்டு எழுதி, மருமக்களின் பேர் வரைக்கும் பத்திரிகையில் அடிக்காவிட்டால் எங்களுக்கு நித்திரை வராது.

உங்களுக்கு நான் பாட்டு எழுதவில்லை. படமும் போடவில்லை. இந்த ஒரு கடிதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கோபம் வந்தால் வரட்டும். நீங்கள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை, அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

இதை வாசிக்கிற எங்கள் சனத்துக்கு நீங்கள் யாரென்று தெரியாது. ஆகவே கொஞ்சம் பொறுங்கள், உங்களுக்கு உங்களைப் பற்றியே சொல்லப்போகிறேன். அமெரிக்காவின் முதற்குடிகளில் ஒன்றான ஹோபி சனத்தில் பிறந்தவர் நீங்கள். அரிசோனாவில், இறைப்பு என்ற பேச்சே இல்லாமல், மழையையும் மண்ணுக்கு அடியில் கிடக்கும் ஈரத்தையும் நம்பிச் சோளம் போடுகிற ஊர். மர்த்தைக் கட்டி மொன்றியலுக்கு வந்து, அஹுன்ட்சிக்கில் மாமியார் வீட்டில் குடியேறினீர்கள். சென்ட் லோரன்ட்டில் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்டில் அடுப்பு மூட்டி, வீட்டை விட்டு வெளிக்கிட முடியாத வயோதிபர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற சங்கத்தைத் தொடங்கினீர்கள். கடைசி வரைக்கும் அதன் தலைவர் நீங்கள்தான்.

தலைவர் என்றதும் வாசிக்கிறவர்கள் மாலையும் மேடையும் நினைப்பார்கள். எங்கள் தலைவர் சாப்பாட்டு வான் ஓட்டினார். மற்றவர்களின் வாசலில் பனி வழித்தார். பிரெஞ்சு தெரியாத கிழவர்களோடு ஆஸ்பத்திரியில் துணைக்குக் காத்திருந்தார், தன்னுடைய பிரெஞ்சும் அரைகுறை என்பதை மறைத்துக்கொண்டு. வெங்காயம் வெட்டும்போது ரெகே பாட்டைச் சத்தமாகப் போடுவார். சாம்பாருக்கு ரெகே கேட்டுப் பருப்பு அவித்த சமையலறை கனடாவில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

சபனெல் தெருவில் நான் வேலை செய்த தையல் தொழிற்சாலை மூடிய பிறகுதான் உங்கள் சமையலறைக்கு வந்தேன். வந்த முதல் நாளே ஒரு விசித்திரமான கேள்வி கேட்டீர்கள். எந்த வேலை தெரியும் என்று கேட்பீர்களாக்கும் என்று நான் காத்திருக்க, எங்கள் ஊரில் வீடு மகனுக்குப் போகுமா மகளுக்குப் போகுமா என்று கேட்டீர்கள். மகளுக்குத்தான், சீதனமாக, என்றேன். கட்டுகிறவன் எங்கே போய் இருப்பான் என்றீர்கள். பெண் வீட்டில் என்றேன். கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். உங்கள் ஊரிலும் வீடு பெண்களுடையதாம், ஆம்பிளைதான் மூட்டை கட்டிக்கொண்டு போவானாம். அன்றைக்கே சமையலறையில் நின்ற எங்கள் தமிழ்ப் பெண்கள் உங்களுக்கு ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு நீங்களே அதைச் சொல்லித் திரிந்தீர்கள்.

உங்கள் சட்டம் ஒன்று இருந்தது. கூட்டத்தில் வாய் திறக்க வேண்டுமென்றால் அந்தக் கிழமை ஏதாவது வேலை செய்திருக்க வேண்டும். உருளைக்கிழங்கு உரித்திருக்கலாம், வானில் பெட்டி ஏற்றியிருக்கலாம், கழிவறை கழுவியிருக்கலாம். செய்யாதவர்கள் வரலாம், தேத்தண்ணி குடிக்கலாம், கேட்டுக்கொண்டிருக்கலாம். படித்த ஆட்கள் சிலர் இதைக் கேட்டு முகத்தைச் சுழித்தார்கள். உங்கள் ஊரில் வயலுக்கு வராதவனிடம் வயலைப் பற்றி யார் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டு நீங்கள் அடுத்த விசயத்துக்குப் போய்விடுவீர்கள்.

வயல் என்றதும் அந்தக் கதைக்கு வருகிறேன். சென்ட் லோரன்ட்டில் ஒரு பெரிய கிடங்குக்குப் பின்னால், வேலிக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் சும்மா கிடந்த துண்டு நிலம் அது. கிடங்கு முதலாளியின் தாய்க்கு நாங்கள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தோம், அந்த நன்றியில் முதலாளி வாய்ச்சொல்லில் அந்த நிலத்தைத் தந்தார். உங்கள் அக்கா ஊரிலிருந்து அனுப்பிய நீலச் சோளத்தையும் வெள்ளைச் சோளத்தையும் கொண்டுவந்து நின்றீர்கள். கையில் ஒரு தடி. மண்வெட்டி இல்லை, கலப்பை இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் வருசம் உங்கள் பிடிவாதத்தால் போனது, அண்ணை. உங்கள் ஊர் மணலில் ஈரம் ஆழத்தில் இருக்குமாம், அதனால் முழங்கை ஆழத்துக்குக் குழி போட்டு விதையைப் போடுவீர்களாம். இங்கே களிமண். வைகாசியிலும் உள்ளே குளிர் விட்டிருக்கவில்லை. மர்த் சொன்னார், நான் சொன்னேன், பக்கத்துத் தோட்டத்துப் போர்த்துக்கேயக்காரரும் சொன்னார். கேட்டீர்களா? ஒரு முளை வெளியே வரவில்லை. சமையலறைக்கு உதவிக்கு வருகிற எங்கள் தம்பிராசா போய்க் குழியைக் கிண்டிப் பார்த்து, அழுகின விதையைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணை, இது விதைச்சதோ, தாட்டதோ?” என்று கேட்டான். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். விதையை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, புதைத்ததுதான் என்று ஒத்துக்கொண்டீர்கள்.

இரண்டாம் வருசம் மண் சூடாகும்வரை பொறுத்தீர்கள், ஆழத்தையும் குறைத்தீர்கள். ஒரு குழிக்குள் ஒரு கை விதை. காகத்துக்கும் எலிக்கும் பங்கு போக மிச்சம் வரவேண்டும் என்பது உங்கள் கணக்கு. குழிக்கும் குழிக்கும் நடுவில் ஆள் படுத்து உருளலாம், அவ்வளவு இடைவெளி. அந்த இடைவெளியைப் பார்த்து எங்கள் ஆட்களுக்கு வயிறு எரிந்தது. கத்தரி நடலாம், மிளகாய் நடலாம், ஒன்றுமில்லை என்றால் கீரையாவது போடலாம் என்று ஒவ்வொருவரும் என்னிடம் வந்து முறையிட்டார்கள். நீங்கள் ஒன்றும் நடவிடவில்லை. தண்ணீரும் ஊற்றவிடவில்லை.

யாழ்ப்பாணத்தானிடம் பயிரைக் காட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றாதே என்றால் அவன் என்ன செய்வான்? செம்மண்ணில் கிணற்றுத் தண்ணீர் இறைத்தே வளர்ந்த கை எங்களுடையது. ஆனியில் வெயில் ஏறி இலைகள் சுருளத் தொடங்கியதும் தம்பிராசாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பசிக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது என்றான். விடியற்காலை வேலைக்குப் போகும் வழியில், ஒருவருக்கும் தெரியாமல், கிடங்குக் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து ஊற்றினான். உரமும் போட்டான். குழாய் எட்டாத மூலைக்கு மட்டும் ஊற்றவில்லை.

சோளம் சும்மா இல்லை, அப்படி வளர்ந்தது. ஆளுயரம், கறுத்த பச்சை. பார்த்தவர்கள் எல்லாரும் உங்களைப் புகழ்ந்தார்கள், நீங்கள் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரிந்தீர்கள். பிறகு ஆடியில் ஒரு பின்னேரம் புயற்காற்று வந்தது. அடுத்த நாள் போனால் அவ்வளவும் நிலத்தோடு படுத்துக் கிடந்தன. தண்ணீர் படாத மூலைச் சோளம் மட்டும், குட்டையாய், மெலிவாய், நிமிர்ந்து நின்றது.

தம்பிராசா எல்லாருக்கும் முன்னால் தண்ணீர் ஊற்றியதைச் சொல்லி அழுதான். நீங்கள் விழுந்த பயிர் ஒன்றைப் பிடுங்கி, மேலோடு நின்றுவிட்ட வேரை அவனுக்குக் காட்டினீர்கள். அப்போது நீங்கள் சொன்னதை நான் எங்கள் பேச்சில் அவனுக்குச் சொன்னேன்: “நீ நல்லாப் பாத்திட்டாய் தம்பி. இது தண்ணிக்குக் கொஞ்சம் அந்தரப்பட்டால்தான் கீழ வேர் விடும்.” அதற்குப் பிறகு அந்த வயலில் தண்ணீர் வாளியோடு யாராவது தெரிந்தால் முதலில் சத்தம் போடுகிறவன் தம்பிராசாதான். இப்போதும் அப்படித்தான்.

அந்த மூலையின் சோளம் காய்ந்ததும் வானில் ஏற்றிக்கொண்டு வந்து சமையலறையில் இறக்கினீர்கள். உங்களுக்கென்று ஒரு சோளப்பொத்தியும் எடுக்கவில்லை. உங்கள் வழக்கத்தில் விதை பெண்களிடம்தான் இருக்குமாம், வயலில் நீங்கள் வேலையாளாம். நிறம் கலக்காமல் தனித்தனித் துணிப்பைகளில் கட்டி என் வீட்டு அலுமாரியில் வைத்தேன். மிஞ்சியதை இடித்து, தேங்காய்ப்பூ போட்டுப் புட்டு அவித்தோம். நீலப் புட்டு! சாப்பாடு கொண்டுபோன வீட்டுக் கிழவர் ஒருவர், இது மருந்தோ சாப்பாடோ என்று கேட்டுவிட்டு இரண்டாம் தரமும் வாங்கினார். பிறகு வந்த வருசங்களில் நீலப் புட்டுக்கென்றே ஆட்கள் காத்திருந்தார்கள்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை இனித்தான் வருகிறது.

நீங்கள் போனபோது தெருவோரத்தில் பனி கறுத்துக் கிடந்தது. சாப்பாட்டு வானை ஓட்டி முடித்து வந்து, சமையலறைக் கதிரையில் இருந்தபடியே போய்விட்டீர்கள். ரெகே ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் கண்ணை மூடி ரசிக்கிறீர்கள் என்று நினைத்து நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மர்த் உங்களை உங்கள் ஊருக்குக் கொண்டுபோய் உங்கள் ஆட்களிடம் சேர்த்துவிட்டு வந்தார். அங்கே என்ன செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சங்கத்துக்குப் புதுத் தலைவர் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். நல்ல உடுப்பு, நல்ல பேச்சு, எதற்கும் திரையில் படம் போட்டுக் காட்டுவார். அவர் வந்து செய்த முதல் வேலை, உங்கள் சட்டத்தை எடுத்துவிட்டது. எல்லாருக்கும் பேச உரிமை இருக்கவேண்டுமாம். யார்தான் அதற்கு எதிராகச் சொல்ல முடியும்? அதற்குப் பிறகு கூட்டங்கள் நீண்டன, உரிக்காத உருளைக்கிழங்கு மிஞ்சியது.

கிடங்கும் கைமாறிவிட்டது. பழைய முதலாளியின் மகனுக்கு அந்தத் துண்டு நிலம் லொறி நிறுத்த வேண்டுமாம். புதுத் தலைவரும் அவரும் கோப்பி குடித்துக் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். நாங்கள் சத்தமில்லாமல் நிலத்தை விட்டுவிட வேண்டும். அதற்குப் பதிலாகக் கிடங்கு வாசலில் சீமெந்துத் தொட்டியில் பூக்கன்று நட்டு, உங்கள் பேரைப் பித்தளைத் தகட்டில் பதிப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் உங்கள் படத்துக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே மின்விளக்கு, உங்கள் தடி, நீலச் சோளமும் வெள்ளைச் சோளமும். பெட்டியைக்கூட வாங்கியாயிற்று.

எனக்கு எப்படி ஆத்திரம் வந்தது தெரியுமா அண்ணை? உயிரோடு இருந்தபோது நீங்கள் வான் திருத்தக் கேட்டால் அடுத்த மாதம் பார்ப்போம் என்றவர்கள் இப்போது உங்களை ஞானி என்கிறார்கள். மரபு என்கிறார்கள், பாரம்பரிய அறிவு என்கிறார்கள். வயலை எடுத்துக்கொண்டு மனிதருக்குப் பித்தளைத் தகடு தருகிறார்கள். அதையும் நாங்கள் கைதட்டி வாங்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

காணி போவது எனக்குப் புதிதா? பலாலிப் பக்கம் எங்கள் காணியைச் சுற்றி இராணுவத்தின் முள்ளுக்கம்பி விழுந்தபோது யாரும் எங்களைக் கேட்கவில்லை. உங்கள் சனத்தின் காணிகள் போன கதையை நீங்கள் ஒருநாள் வானுக்குள் வைத்து, சிவப்பு விளக்கில் நிற்கும் நேரத்தில், சாதாரணமாகச் சொன்னீர்கள். பச்சை விழுந்ததும் நிறுத்திவிட்டீர்கள். உங்களையும் அன்றைக்கு யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். இவர்கள் கேட்கிறார்கள், அதுவும் சிரித்துக்கொண்டு. கேட்டால் இல்லை என்று சொல்லலாம்தானே?

புதுத் தலைவர் என்னிடம் வந்து, பெட்டிக்கு வைக்க விதைப் பைகளைக் கொண்டுவரச் சொன்னார். அவை சங்கத்தின் சொத்தாம். யோசித்துச் சொல்கிறேன் என்றுவிட்டு நேரே மர்த் வீட்டுக்குப் போனேன். இருவருமாக உங்கள் அக்காவுக்கு ஃபோன் எடுத்தோம்.

உங்கள் அக்கா உங்களைப் போலத்தான், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுக் கதைக்கிறார். மர்த் நடந்ததைச் சொல்லி முடித்தார். விதை இப்போது யாரிடம் இருக்கிறது என்று உங்கள் அக்கா கேட்டார். என்னிடம் என்றேன். “நீ அவனுக்கு என்ன முறை?” என்றார்.

கூட வேலை செய்தவள் என்று சொல்லியிருக்கலாம். சமையல்காரி என்று சொல்லியிருக்கலாம். தங்கச்சி என்று சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன், சொந்த அக்காவிடம் போய் இப்படிச் சொல்லிவிட்டேனே என்று. மர்த் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப விதை இருக்கவேண்டிய இடத்திலதான் இருக்கு,” என்றார் உங்கள் அக்கா. பிறகு கண்ணாடிப் பெட்டியைப் பற்றித் திரும்பவும் கேட்டார், தான் சரியாகத்தான் விளங்கிக்கொண்டாரா என்று. “அது சாப்பாடு. சாப்பாட்டை ஏன் பூட்டி வைக்கினம்?” என்றார். எனக்கு அதற்குப் பிறகு வேறு நியாயம் தேவைப்படவில்லை.

இதை முடிவு செய்யக் கூடிய சங்கக் கூட்டத்தன்று நான் பேச்சுத் தயாரிக்கவில்லை. என் பிரெஞ்சின் லட்சணம் உங்களுக்குத் தெரியும், டெப்பனர் கடையில் பால் வாங்கப் போதும், சங்கக் கூட்டத்துக்குக் காணாது. புதுத் தலைவர் திரையில் கண்ணாடிப் பெட்டியின் படத்தைப் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். நானும் தம்பிராசாவும் சமையலறையிலிருந்து வெங்காய மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர்களுடைய நீள மேசையின் நடுவில் கவிழ்த்தோம். வெங்காயம் உருண்டு கணினிக்குக் கீழே எல்லாம் போனது. ஒருவர் எழும்பியே விட்டார்.

“எல்மர் அண்ணையின்ர சட்டம் எங்களுக்கு இன்னும் சட்டம்தான்,” என்றேன். “முதல்ல உரியுங்கோ. பேந்து கதைப்பம்.” தமிழில்தான் வந்தது. மர்த் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னார், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். பிறகு தானே ஒரு கத்தியை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

சிலர் எழும்பிப் போனார்கள். போகட்டும். மிச்சப் பேர் இருந்து உரித்தார்கள். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, கண்ணால் தண்ணீர் ஓட, இத்தனை வருசம் சங்கத்தில் இருந்தும் தான் ஒருநாளும் அந்த வயலைப் போய்ப் பார்த்ததில்லை என்று சொன்னார். வெங்காயத்தால்தான் அழுகிறாரோ என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை. கையில் வெங்காயம் இருக்கும்போது மனிதருக்குத் திரையில் படம் தேவைப்படுவதில்லை போலிருக்கிறது. பேச்சு நேராக வந்தது.

விதை சங்கத்தின் சொத்து இல்லை, அது உங்கள் அக்காவினுடையது, பெட்டிக்குள் போகாது என்று முடிவானது. நிலத்துக்காகச் சண்டை போடச் சங்கம் துணியவில்லை. அதை நான் மறைக்கமாட்டேன். நடப்போகிறவர்களைத் தடுக்கமாட்டோம் என்ற அளவில் நின்றுவிட்டார்கள். புதுத் தலைவர் சமையலறைப் பூட்டின் திறப்பை என்னிடமிருந்து வாங்கவேண்டி வரும் என்று மெல்லச் சொன்னார். வாங்குங்கள், கிடாரமும் கரண்டிகளும் என்னுடையவை, அவற்றை நான் கொண்டுபோவேன் என்றேன். அந்தப் பேச்சு அன்றோடு நின்றுவிட்டது.

மண் சூடான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய் நட்டோம். தடியைத் தம்பிராசா பிடித்தான், குழிக்குள் நாங்கள் பெண்கள் விதை போட்டோம். கார்ட்டியர்வில்லில் நாங்கள் சாப்பாடு கொண்டுபோகிற அல்ஜீரியக் கிழவர் பேத்தியின் காரில் வந்து, கதிரை போட்டு இருந்து, எங்களை மேய்த்தார். இடைவெளியில் கத்தரி நடலாமே என்று அவரும் கேட்டார். யாழ்ப்பாணத்தார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கூடாது என்று கத்தினோம். அதைக் கேட்க நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

பாதி நட்டு முடிக்கும்போது கிடங்கு மேலாளர் காரில் வந்தார். இது தனியார் நிலம், பொலிசைக் கூப்பிடப் போகிறேன் என்றார். மர்த் முழங்காலில் மண்ணோடு எழும்பி அவர் அருகில் போனார். நாற்பது வருசம் தாதியாய் வேலை செய்த மனுசி, குரலை உயர்த்தவில்லை. இந்த நிலத்தை உங்கள் முதலாளியின் தகப்பன் என் புருசனுக்குத் தந்தார், வேண்டுமென்றால் அவர் இங்கே வந்து என் முகத்தைப் பார்த்துத் திருப்பிக் கேட்கட்டும் என்றார். மேலாளர் கொஞ்சம் தள்ளிப்போய் நீண்ட நேரம் ஃபோனில் கதைத்தார். தகப்பன் முதலாளி வரவில்லை. பொலிசும் வரவில்லை. மிச்சப் பாதியையும் நட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்.

இப்போது ஆவணி. சோளம் என் இடுப்பு உயரம், குஞ்சம் விட்டு நிற்கிறது. கிடங்குக்காரர் இலையுதிர் காலம் தொடங்கியதும் மண்வெட்டும் இயந்திரம் வரும் என்று சொல்லிவிட்டார்கள். நில அளவைக்காரர்கள் வந்து பயிருக்கு நடுவில் தடிகள் ஊன்றி, செம்மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போனார்கள். தம்பிராசா ஒவ்வொரு தடியின் அடியிலும் பயற்றங்கொட்டை போட்டான். திரும்பி வந்து பார்த்தபோது அவர்களால் தடிகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அவ்வளவும் பயற்றங்கொடி. இடைவெளியில் ஒன்றும் நடக்கூடாது என்ற உங்கள் சட்டத்தை அங்கே மீறிவிட்டோம். கோபிக்காதீர்கள். காய் நன்றாகப் பிடித்திருக்கிறது.

சோளம் முற்றிக் காயும் முன் இயந்திரம் வந்துவிடுமா? தெரியாது அண்ணை. நாங்கள் முறை வைத்துப் போய் நிற்கிறோம். வங்கி அம்மாவும் வருகிறார், மடக்குக் கதிரையும் தொப்பியுமாக. இயந்திரம் முதலில் வந்தால் அதற்கு முன்னால் நிற்பது யார் என்பதில் எனக்கும் மர்த்துக்கும் இப்போதே போட்டி. நிலத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று உங்களுக்குப் பொய் எழுத எனக்கு விருப்பமில்லை. விட்டுக்கொடுக்கவில்லை, இன்றைக்கு அவ்வளவுதான் சொல்லலாம்.

கண்ணாடிப் பெட்டி என்ன ஆனது என்று கேட்பீர்கள். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்கலாமா? சமையலறைக்குக் கொண்டுவந்துவிட்டோம். கூட்ட நாட்களில் அதற்குள் றோல்ஸும் வடையும் அடுக்கி வைக்கிறோம். உள்ளே மின்விளக்கு இருப்பதால் சூடு ஆறாமல் இருக்கிறது. புதுத் தலைவரே இரண்டு வடை வாங்கிச் சாப்பிட்டார், அதற்கு முன் உருளைக்கிழங்கு உரித்துவிட்டு.

போன கிழமை உங்கள் அக்காவோடு திரும்பவும் கதைத்தேன். விதையில் பாதியை அவருக்குத் தபாலில் அனுப்பியிருந்தேன், கிடைத்துவிட்டதாம். இந்த முறை அங்கே மழை இல்லை, சோளம் வாடி நிற்கிறது என்றார். உங்கள் நம்பிக்கையில், போனவர்கள் மேகமாகித் தங்கள் சனத்துக்கு மழை கொண்டு வருவார்களாம். மர்த் அவ்வளவுதான் சொன்னார், அதற்கு மேல் வெளியாட்கள் கேட்கிற விசயம் இல்லை என்று எனக்கும் விளங்குகிறது.

இங்கே இந்தக் கோடையில் மழை தேவைக்கு மேல் கொட்டிவிட்டது. அதற்குள் உங்கள் கையும் இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இருந்தால் கேளுங்கள், அண்ணை. இந்தப் பக்கம் வரவேண்டாம். உங்கள் அக்காவின் வயலுக்குப் போங்கள், அங்கேதான் வேலை இருக்கிறது. எங்களைப் பார்க்கும் ஆசையில் இங்கே சுற்றிக்கொண்டு நிற்காதீர்கள். இனி நானும் கூப்பிடமாட்டேன்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இந்த நிலம் எங்களிடம் நின்றாலும் சரி, போனாலும் சரி, அடுத்த வைகாசியில் இந்த ஊரில் எங்கேயோ ஒரு மண்ணில் நான் குழி போட்டு இந்த விதையைப் போடுவேன். அதற்கும் அடுத்த வைகாசியிலும் போடுவேன். யார் வந்து ஏன் என்று கேட்டாலும் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த குழிக்குப் போவேன். இந்த இடத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம். நீங்கள் போய் அங்கே மழையைப் பெய்யுங்கள்.

விதை வைத்திருக்கிற உங்கள் தங்கச்சி,
சிவமலர்
சென்ட் லோரன்ட், மொன்றியல்